தந்தம் என்று நம்பப்பட்ட ஏழாவது கத்தி: ஒரு ஷெஃபீல்டு சவரக்கத்திப் பெட்டியின் பழுதுநீக்கம்

பின்னணி

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வசதியுள்ள ஆண்கள் சிலர் கிழமைக்கு ஒன்றாக ஏழு சவரக்கத்திகளை ஒரே பெட்டியில் வைத்திருந்தார்கள். கத்தியின் முதுகில் கிழமையின் பெயர் ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். பெட்டிக்குள் கத்திகளைப் படுக்க வைப்பதில்லை. மடக்கிய நிலையில், முதுகு மேலே தெரிய, மரத்தில் வெட்டிய பள்ளங்களில் நிறுத்துவார்கள். ஒரு வாரம் ஓய்வு கிடைத்தால் வாய் சீக்கிரம் மழுங்காது என்பது அன்றைய நம்பிக்கை.

இங்கே பதிவாகும் பெட்டி வட இங்கிலாந்தில் ஒரு குடும்பத்தில் தலைமுறைகளாகக் கைமாறி வந்தது. நீளம் 190 மி.மீ., அகலம் 135, உயரம் 62. உடல் பைன் மரம், மேலே ஒட்டியது பிரேசில் ரோஸ்வுட் வெனீர், அதாவது மெல்லிய மரத் தகடு. மூடியின் நான்கு ஓரத்திலும் 1.5 மி.மீ. அகலத்தில் பித்தளை வரி பதித்திருந்தது. உள்ளே கருநீலப் பருத்தி வெல்வெட். கீல்களின் திருகாணிகளைக் கழற்றிப் பார்த்ததில் அவற்றின் நுனி மழுங்கலாக இருந்தது. கூர்நுனித் திருகாணி பரவலானது 1850ஐ ஒட்டித்தான். பெட்டியும் அந்தக் காலத்தை ஒட்டியதாக இருக்கலாம். ஆறு கத்திகளின் வால்பகுதியில் ஷெஃபீல்டு என்ற ஊர்ப்பெயரும், கிரீடமும், ‘வி.ஆர்.’ என்ற எழுத்துகளும் இருந்தன. அது விக்டோரியா அரசியின் முத்திரை. அவர் ஆண்டது 1837 முதல் 1901 வரை.

மூடியின் விரிசல் மறைய வேண்டும், பித்தளை பளபளக்க வேண்டும், உள்ளே புது வெல்வெட் போட வேண்டும், கத்திகளில் துரு போக வேண்டும் என்று உரிமையாளர் கேட்டிருந்தார். ஒரு கத்தியின் பிடி மட்டும் தந்தம் என்றும், தொகுப்பிலேயே மதிப்பு மிக்கது அதுதான் என்றும், பின்னாளில் விற்கும் எண்ணமும் உண்டு என்றும் சொன்னார்.

வந்த நிலை

பல ஆண்டுகளாகப் பெட்டி இருந்தது வரவேற்பறையில், சூடேற்றும் ரேடியேட்டருக்கு மேலே இருந்த அலமாரித் தட்டில். மூடிப் பலகை சட்டத்தோடு ஒட்டி ஆணியும் அடித்தது. சுருங்க வழியில்லாமல் 110 மி.மீ. நீளத்துக்கு வெடித்திருந்தது. விரிசலின் அகலம் 0.8 மி.மீ. இழைக்குக் குறுக்கே ஓடிய இரண்டு பித்தளை வரிகளும் மூலைகளில் எழும்பி நின்றன. துடைக்கும் துணியில் மாட்டி ஒன்று வளைந்தே போயிருந்தது. பின்விளிம்பில், கீலை ஒட்டி இரண்டு இடத்தில் வெனீர் பெயர்ந்து காணாமல் போயிருந்தது. பெரியது 14க்கு 6 மி.மீ. பித்தளை ஓரமாக மரத்தின் நுண்துளைகளில் வெள்ளைப் பொடி அடைந்திருந்தது. யாரோ முன்பு பித்தளை பாலிஷ் போட்டுத் தேய்த்ததன் மிச்சம் அது. பூட்டு இறுகிக் கிடந்தது, சாவி இல்லை.

மூடியைத் திறந்ததும் மூக்கில் காரமான ஒரு நெடி ஏறியது. பழைய பெட்டிகளில் வழக்கமாக வரும் புழுங்கல் வாசனை அல்ல அது.

துருவின் போக்கு

வீட்டு ஈரத்தால் வந்த துரு என்றுதான் உரிமையாளர் நினைத்திருந்தார். கத்திகளை எடுக்கும் முன் ஒவ்வொரு பள்ளத்துக்கும் எண் கொடுத்துப் படம் எடுத்து, எந்தக் கத்தியில் எந்தப் பக்கம் எவ்வளவு துரு என்று குறித்ததில் வேறு கதை தெரிந்தது.

வெளி ஈரம் காரணம் என்றால் ஓரத்தில் நிற்கும் ஞாயிறும் சனியும் முதலில் கெட வேண்டும். மூடியின் இடுக்குக்குப் பக்கத்தில் இருப்பவை அவைதான். இங்கே ஞாயிறும் திங்களும் ஏறத்தாழச் சுத்தமாக இருந்தன. செவ்வாயிலும் சனியிலும் புள்ளிப் புள்ளியாகத் துரு. புதனும் வெள்ளியும் குழி விழும் அளவுக்கு அரித்திருந்தன, அதுவும் முதுகின் ஒரு சரிவில் மட்டும்: புதனில் வலப்பக்கம், வெள்ளியில் இடப்பக்கம். இரண்டும் வியாழனைப் பார்த்த பக்கங்கள். பிடி ஆணிகளைச் சுற்றிய பித்தளை வளையங்களிலும் அதே ஒழுங்கில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. வியாழன் பள்ளத்தைச் சுற்றி வெல்வெட்டின் மயிர் தொட்டால் பொடியாக உதிர்ந்தது; மற்ற இடங்களில் நிறம் மங்கியதோடு சரி.

வியாழன் பள்ளத்தில் இருந்ததுதான் ‘தந்தப் பிடி’ கத்தி. அதன் அலகு எல்லாவற்றையும்விட மோசம்; வாயில் 3 மி.மீ. ஆழத்துக்கு ஓட்டை விழுந்திருந்தது. முதுகில் கிழமைப் பெயர் இல்லை. மற்ற ஆறும் ஆப்பு வடிவ அலகு, கருங்கொம்புப் பிடி. இது குழிவாகச் சாணை பிடித்த மெல்லிய அலகு; வாலில் ‘ஜெர்மனி’ என்ற முத்திரை. அயல்நாட்டுப் பொருளில் நாட்டின் பெயரைப் பொறிக்கும் வழக்கம் பிரிட்டனின் 1887ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டத்துக்குப் பிறகு பரவியது. மூல வியாழன் எப்போதோ தொலைந்து, அந்த இடத்தில் இது வந்து சேர்ந்திருக்கிறது.

தந்தமா, இல்லையா

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் மேலே போக முடியாது. பிரிட்டனின் 2018ஆம் ஆண்டு தந்தச் சட்டம் 2022 ஜூன் 6 முதல் நடைமுறையில் இருக்கிறது. வைத்திருப்பது குற்றமில்லை, விற்பது விதிவிலக்குகளுக்கு உட்பட்டது. 1947க்கு முந்தைய பொருளில் கன அளவில் 10 சதவீதத்துக்கும் குறைவாகத் தந்தம் இருந்தாலும் பதிவு செய்துவிட்டுத்தான் விற்க வேண்டும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பிடியின் கோடுகள் ஒரே இடைவெளியில், இணையாக, முனையிலிருந்து முனைவரை ஓடின. யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டில் தெரியும் வளைகோட்டுப் பின்னல் பிடியின் முனையில் இல்லை. புற ஊதா விளக்கில் தந்தம் நீலம் கலந்த வெண்மையாக ஒளிரும்; இது மந்தமான மஞ்சளாகத் தெரிந்தது. ஆணியைச் சுற்றிக் கட்டம் கட்டமாக நுண்வெடிப்புகள், இரண்டு இடத்தில் ஒட்டும் பிசுபிசுப்பு. துணியால் தேய்த்துச் சற்றே சூடானதும் நெடிக்கு அடியில் கற்பூர வாசனை எழுந்தது. செல்லுலாய்டு என்பதற்கு இதைவிட நேரான அடையாளம் வேண்டியதில்லை: நைட்ரேட் ஆக்கிய பஞ்சும் கற்பூரமும் சேர்த்துச் செய்ததுதான் அது. அமெரிக்காவில் 1870இல் காப்புரிமை பெற்றபின் தந்தத்துக்கும் ஆமையோட்டுக்கும் மாற்றாக உலகெங்கும் போனது.

தந்தத்தை அறியக் காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்லும் யோசனை இன்னும் உலவுகிறது. செல்லுலாய்டில் அதைச் செய்தால் தீப்பற்றும். சோதனைக்கு அது வேண்டவே வேண்டாம்.

காய்ச்சி வடித்த நீரில் நனைத்த, அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். தாள் பிடியின் மேல் 2க்கும் 3க்கும் இடையில் காட்டியது (7க்குக் கீழே எண் குறையக் குறைய அமிலம் அதிகம்). அருகிலிருந்த வெல்வெட்டில் 3.5, ஞாயிறு பள்ளத்தில் 5.5. செல்லுலாய்டு சிதையும்போது நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்கள் வெளியேறும். காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அவை நைட்ரிக் அமிலமாகும், அந்த அமிலமே சிதைவை மேலும் முடுக்கும். சூடும் மூடிய பெட்டியும் கூடினால் வேகம் இன்னும் அதிகம். ரேடியேட்டருக்கு மேலே, நன்றாகப் பொருந்தும் மூடிக்குள், ஆறு எஃகு அலகுகளுக்கு நடுவே இந்தப் பிடி பல ஆண்டுகள் இருந்திருக்கிறது.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, வியாழன் கத்தி பெட்டிக்குத் திரும்பாது. அதைச் செய்யாமல் துருவை நீக்குவதும் வெல்வெட் மாற்றுவதும் வீண் செலவு. பிடியைக் கழற்றிவிட்டுக் கொம்புப் பிடி போடலாமா என்று பார்த்தோம். அதற்கு ஆணிகளைத் துளைத்து எடுக்க வேண்டும். அலகோ தேறாத நிலையில் இருந்தது. காற்றுப் புகாத பையில் போட்டுப் பெட்டியிலேயே வைக்கலாம் என்ற உரிமையாளரின் யோசனை இருப்பதிலேயே ஆபத்தானது. வாயு பைக்குள் தேங்கிச் சிதைவு பாயும். கத்தியை அப்படியே அமிலமில்லாத காகிதத்தில் சுற்றி, துளையிட்ட அட்டைப் பெட்டியில், வெயிலும் சூடும் படாத காற்றோட்டமான இடத்தில், வேறு உலோகப் பொருள் எதுவும் அருகில் இல்லாமல் வைப்பதென்று முடிவானது. பெட்டிக்கு ஏற்ற ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். செல்லுலாய்டுக்கோ இதைவிட வறண்ட, குளிர்ந்த இடம் நல்லது. அந்த வகையிலும் இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது.

விலை உயர்ந்தது என்று நம்பியதை வெளியே எடுப்பதை உரிமையாளர் எளிதில் ஏற்கவில்லை. படங்களில் புதன், வெள்ளி முதுகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டிய பிறகுதான் சம்மதித்தார்.

இரண்டாவது, பழைய மெருகைச் சுரண்டுவதில்லை. மூன்றாவது, வெல்வெட்டை முழுவதுமாக மாற்றுவதில்லை.

கத்திகள்

வேலையைத் தொடங்கும் முன் வாய்களுக்குக் காகித நாடா சுற்றியாயிற்று. துரு நீக்கும் அமிலங்களை ஒதுக்கிவிட்டோம், பிரச்சினையே அமிலம். லேசான மினரல் எண்ணெயில் ஒரு நாள் ஊறவிட்டு, மிக நைசான நான்கு பூஜ்ய எஃகுப் பஞ்சால், முதுகின் நீளவாக்கில் மட்டும் தேய்த்தோம். கிழமைப் பெயர் அமிலத்தால் பொறித்தது, ஆழம் மிகக் குறைவு. அந்த இடத்தில் பஞ்சு படாமல், கூராக்கிய மூங்கில் குச்சியும் எண்ணெயும் மட்டும். ஞாயிறின் எழுத்துகளில் பொன்முலாமின் தடம் தெரிந்தது. பாலிஷ் பேஸ்ட் போட்டிருந்தால் அது நிமிடத்தில் போயிருக்கும்.

துரு போனதும் வேலை முடிந்ததாக நினைப்பதுதான் இத்தகைய கத்திகளில் நடக்கும் பொதுவான பிழை. குழிகளுக்குள் தங்கும் நைட்ரேட் உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். சில வாரங்களில் அதே இடத்தில் துரு திரும்பும். எண்ணெயைத் துடைத்தபின் வடித்த நீர் தொட்ட பஞ்சுக்குச்சியால் அலகை மட்டும் திரும்பத் திரும்ப ஒற்றி, உடனே ஆல்கஹாலால் துடைத்து, பி.எச். தாள் 6ஐத் தொடும்வரை தொடர வேண்டும். புதனுக்கும் வெள்ளிக்கும் இது நெடுநேரம் பிடித்தது. கொம்பில் நீர் ஊறினால் பிடி முறுக்கிக்கொள்ளும், ஆல்கஹால் பட்டால் வறண்டு வெடிக்கும். ஆகவே அலகுக்கும் பிடிக்கும் நடுவில் பாலியெஸ்டர் படலம் செருகினோம். கடைசியில் நுண்படிக மெழுகு மெல்லிதாக ஒரு பூச்சு. குழிகள் குழிகளாகவே நிற்கின்றன. சாணை பிடித்து மறைத்தால் கிழமைப் பெயரும் கூடவே போகும்.

மூடியும் பித்தளை வரிகளும்

வேலையின் கடினமான பகுதி இதுதான். மரம் இழைக்குக் குறுக்கே சுருங்கும், பித்தளை சுருங்காது. 135 மி.மீ. அகல மூடி சுமார் 1 மி.மீ. சுருங்கியிருந்தது. அதே நீளப் பித்தளையை அதே பள்ளத்தில் அழுத்தினால் மூலையில் இறங்கும், நடுவில் எழும்பும். சுத்தியலால் தட்டுவதும், மேலே சூடான இஸ்திரிப் பெட்டி வைப்பதும் நிலைமையை மோசமாக்கும்.

இரண்டு குறுக்கு வரிகளையும் மெல்லிய கத்தியாலும் வெதுவெதுப்பான நீர் தொட்ட பஞ்சுக்குச்சியாலும் முழுதாக எடுத்தோம். பழைய பசை வச்சிரம், அதாவது விலங்குத் தோலும் எலும்பும் காய்ச்சி எடுக்கும் பசை என்பதால் நீரில் இளகியது. பள்ளத்தின் அடியில் இறுகிய பசையை 1.4 மி.மீ. அகலத்துக்குத் தீட்டிய உளியால் வழித்தாயிற்று. பித்தளையைக் கடின மரக்கட்டைகளுக்கு நடுவில் வைத்து அழுத்தி நேராக்கி, மூலையின் 45 பாகைச் சரிவிலேயே அரத்தால் ராவி, ஒன்றில் 0.9, மற்றதில் 0.7 மி.மீ. குறைத்தோம். அடிப்பக்கத்தை 240 எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி அசிட்டோனால் துடைத்து, அதன்மேல் பூண்டுச் சாறு தேய்த்தோம். பித்தளையில் பசை பிடிக்க ஐரோப்பியத் தச்சர்கள் நெடுநாளாகக் கையாளும் முறை அது. இந்தக் குறுக்கு வரிகளுக்கு மீன் பசை. பின்ஓர வரியின் மூலை ஒன்று எழும்பியிருந்தும் பெயராமல் இருந்ததால், அதற்கடியில் மட்டும் வச்சிரத்தை ஊசியால் செலுத்தினோம். மேலே மெழுகுத் தாள், அக்ரிலிக் பட்டை, கிளாம்ப். ஒரு நாள் முழுக்க அசைக்கவில்லை.

வரி மரத்தைவிட ஒரு மயிரிழை உயர்ந்து நின்ற இடங்களில் பித்தளையை மட்டும் தட்டையரத்தால் சமன் செய்தோம். மேலே உப்புத்தாள் ஓட்டினால் பழைய மெருகு போவதோடு பித்தளைத் தூள் ரோஸ்வுட்டின் துளைகளில் ஏறிப் பின்னாளில் பச்சையாகும்.

விரிசலில் மரச்சில்லு அடைப்பது பார்வைக்கு நன்றாக இருக்கும். ஆனால் பெட்டி திரும்பப் போவது அதே சூடேற்றும் வீட்டுக்கு. குளிர்காலத்தில் மரம் சுருங்கிக் கோடையில் விரியும். கெட்டியான சில்லு இடம் கொடுக்காது, வெடிப்பு வேறிடம் பார்க்கும். தேன்மெழுகும் கார்னூபா மெழுகும் கொஞ்சம் குங்கிலியமும் உருக்கி, கருங்காவி நிறம் சேர்த்து அடைத்தோம். உரிமையாளர் கேட்டது போல விரிசல் மறையவில்லை. கண்ணை உறுத்தாத அளவுக்கு வந்தது.

வெனீரும் மெருகும்

அந்தக் கால வெனீர் ரம்பத்தால் அறுத்தது, இங்கே 1.2 மி.மீ. தடிமன். இன்று கடையில் கிடைப்பது 0.6 மி.மீ. அளவில் சீவியது, அதை ஒட்டினால் பள்ளமாக நிற்கும். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் சர்வதேச வணிகத் தடைப் பட்டியலில் இருக்கிறது. கைவசம் இருந்தது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம், பழைய மேசைக் காலிலிருந்து அறுத்த துண்டு. அதே பேரினம், இழை ஒத்துப்போகும், நிறத்தில் மட்டும் ஊதா சற்றுத் தூக்கல். ஓரங்களை இழைக்கு நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டி ஒட்டினால் இணைப்பு தெரியாது. வச்சிரத்தை 60 டிகிரிக்கு மேல் சூடாக்கவில்லை.

மெருகு எதுவென்று அடிப்பக்கத்தில் சோதித்ததில் ஆல்கஹாலுக்கு இளகியது, டர்பன்டைனுக்கு அசையவில்லை: அரக்கு. மேலே படிந்த மெழுகையும் அழுக்கையும் வொயிட் ஸ்பிரிட்டால் எடுத்து, பாலிஷ் பொடியை மூங்கில் குச்சியால் கிளறினோம். ஒட்டுகளின் மேல் மட்டும் லிட்டருக்கு 120 கிராம் அளவில் கரைத்த, மெழுகு நீக்கிய அரக்கு. பித்தளையை ஈரத்துணியால் துடைத்ததோடு விட்டோம். கண்ணாடி போல மின்னும் பித்தளையை எதிர்பார்த்த உரிமையாளருக்கு இதில் மனக்குறை இருந்தது.

உள்விரிப்பு

வியாழன் பள்ளத்தின் வெல்வெட் தேறாது. அமிலம் ஏறிய அந்தத் துண்டை மட்டும் அகற்றி உறையிட்டு உரிமையாளரிடம் கொடுத்தோம். அடியிலிருந்த பைன் மரத்தில் பி.எச். 4.5 காட்டியது, மூடியைத் திறந்தே வைத்துக் காற்றாட விட்டதில் நெடி போனது. அமிலம் எட்டாத மற்ற பகுதிகளில் தூசியை மெல்லிய வலை கட்டிய உறிஞ்சியால் எடுத்து, விட்டுப்போன ஓரங்களைக் கோதுமை மாவுப் பசையால் ஒட்டினோம்.

புதுத் துண்டுக்கு இரண்டு பருத்தி வெல்வெட் மாதிரிகளை எடுத்து, துணி உலோகத்தைக் கெடுக்குமா என்று அறிய ஆடி சோதனைக்கு உட்படுத்தினோம். பிரிட்டிஷ் மியூசியத்தில் 1973இல் ஆண்ட்ரூ ஆடி வகுத்த முறை அது: துணியோடு வெள்ளி, செம்பு, ஈயத் துண்டுகளை மூடிய கண்ணாடிக் குடுவையில், சிறிது நீருடன், 60 டிகிரியில் 28 நாள் வைப்பார்கள். நிறத்தில் மிகச் சரியாகப் பொருந்திய மாதிரியில் வெள்ளி கறுத்தது. நிறம் சற்று வெளிறிய மற்றதுதான் தேறியது. அதை அட்டைமேல் தைத்து, பசையில்லாமல் பள்ளத்தில் செருகினோம், வேண்டும்போது எடுத்துவிடலாம்.

பூட்டில் சொல்ல அதிகமில்லை. இறுகிய எண்ணெயைக் கரைத்து, துளைத்தண்டுச் சாவி ஒன்றை அரத்தால் ராவிப் பொருத்தியாயிற்று.

பிறகு நடந்தது

பெட்டி ரேடியேட்டருக்கு எட்டத்தில், உட்சுவரை ஒட்டிய அலமாரிக்குப் போனது. ஓராண்டு கழித்து, ஒரு குளிர்காலத்தைத் தாண்டியபின் திரும்பப் பார்வையிட்டோம். ஆறு கத்திகளிலும் புதுத் துரு இல்லை. வெல்வெட்டில் பி.எச். 5.5க்குக் கீழே எங்கும் போகவில்லை. விரிசலின் மெழுகு ஓர் ஓரத்தில் நூலிழை விட்டிருந்தது. மர ஸ்பாட்டுலாவால் அழுத்தியதில் சேர்ந்துகொண்டது. மீன் பசை போட்ட வரிகள் அசையவில்லை. வச்சிரம் செலுத்திய பின்மூலை 10 மி.மீ. நீளத்துக்கு மறுபடி எழும்பியிருந்தது.

தனியே வைத்த கத்தியின் பிடியில் வெடிப்புகள் கூடியிருந்தன. அதன் சிதைவை நிறுத்த வழியில்லை, மெதுவாக்கத்தான் முடியும். உரிமையாளர் இப்போது கொம்புப் பிடி போட்ட, ‘வியாழன்’ பொறித்த ஒற்றைக் கத்தி ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறார். பெட்டியை விற்கும் எண்ணத்தைத் தள்ளி வைத்திருக்கிறார்.

அடுத்த பெட்டிக்கு மாற்ற வேண்டியவை

எழும்பிய பித்தளை, பெயராமல் இருந்தாலும், முழுதாக எடுத்து அடியைச் சுத்தம் செய்து மீன் பசை போட்டே பதிக்க வேண்டும். பழைய களிம்பின்மேல் செலுத்திய வச்சிரம் நிற்கவில்லை.

பெட்டி கைக்கு வந்த அன்றே எல்லாக் கத்திகளையும் வெளியே எடுத்து, பள்ளம் வாரியாகப் பி.எச். தாள் ஒற்றிவிட வேண்டும். இங்கே அது மேல்பரப்புச் சோதனைகளுக்குப் பிறகே நடந்தது. அதுவரை கத்திகள் உள்ளேயே இருந்தன. வெள்ளை, ஆமையோடு, முத்துச்சிப்பி நிறப் பிடி எதுவானாலும், கொம்பு என்றோ தந்தம் என்றோ உறுதியாகும்வரை செல்லுலாய்டாகவே கருதித் தனித்தட்டில் வைப்பது நல்லது. பட்டறையில் பசைச் சட்டி சூடாகும் மேசைக்குப் பக்கத்தில் அந்தத் தட்டு இருக்கவே கூடாது.

வெல்வெட் மாதிரிகளின் 28 நாள் சோதனையை முதல் வாரத்திலேயே தொடங்கினால் வேலை அதற்காகக் காத்திருக்காது. மாதிரிகள் இரண்டு போதாது, குறைந்தது நான்கு வேண்டும். நிறம் பொருந்துவதும் சோதனையில் தேறுவதும் ஒரே துணியில் அமைவது அரிது.